உங்கள் ஓட்டுக்கு எத்தனை பூட்டு?

திண்டுக்கல் என்றதும் உங்களுக்கு முதலில் எது நினைவுக்கு வருகிறது? வீட்டிலுள்ள இளவட்டங்களைக் கேட்டால், "பிரியாணி!" என்று ஒரே குரலில் சொல்வார்கள். வயதானவர்களைக் கேட்டுப் பாருங்கள். "பூட்டு" என்பார்கள். நம் பாட்டிமார்களின் அரிசிப் பெட்டியிலும் நகைப் பெட்டியிலும் கோயில் உண்டியலிலும் தொங்கியது திண்டுக்கல் பூட்டுத்தானே! மாங்காய்ப் பூட்டு என்று ஒன்று. அதன் கனத்தைப் பார்த்தாலே பாதித் திருடர்கள் திரும்பிப் போய்விடுவார்கள். 2019-ஆம் ஆண்டில் அந்தப் பூட்டுக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது.

பூட்டுத் தொழிலில் ஒரு விசேஷம் உண்டு. புது மாதிரிப் பூட்டு ஒன்று எதற்காகப் பிறக்கிறது? பழைய பூட்டைத் திறக்கும் சூட்சுமத்தை எவனோ ஒரு கைகாரன் கண்டுபிடித்துவிட்டான் என்பதற்காகத்தான்!

தேர்தல் சட்டத்தின் கதையும் அச்சு அசல் இதேதான். "அடிக்கடி ஏன் சட்டத்தை மாற்றுகிறார்கள்? நமக்கு ஒன்றுமே புரியவில்லையே!" என்று அலுத்துக் கொள்கிறோம். ஒவ்வொரு திருத்தத்துக்குப் பின்னாலும் யாரோ ஒருவர் கள்ளச் சாவி போட்ட கதை ஒன்று இருக்கிறது. அந்தக் கதைகளில் சிலவற்றை இங்கே பார்ப்போம். சமையலறைக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். சம்பந்தம் இருக்கிறது, கொஞ்சம் அதிகமாகவே இருக்கிறது.

பெயரில்லாத பெண்கள்

முதல் பூட்டு, பெயர். ஜாபிதாவில் பெயர் இருந்தால்தானே ஓட்டு?

சென்னை மாகாணத்தில் பெண்களுக்கு ஓட்டுரிமை வந்தது 1921-ல். இந்தியாவிலேயே முதலில் வழிவிட்ட சட்டசபைகளில் நம்முடையதும் ஒன்று. ஆனால் அன்று சொத்தும் வரியும் உள்ளவர்களுக்கு மட்டுமே ஓட்டு. சொத்து யார் பெயரில் இருந்தது என்பதை நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை! ஆகவே, உரிமை வந்தும் ஓட்டுப் போட்ட பெண்கள் கொஞ்சம் பேர்தான்.

சுதந்திரம் வந்தது, அரசியல் சட்டம் வந்தது. வயது வந்த எல்லோருக்கும் ஓட்டு என்று ஆயிற்று. 1951-52-ல் முதல் பொதுத் தேர்தலை நடத்தும் பொறுப்பு சுகுமார் சென் என்ற அதிகாரியிடம் வந்தது. அவர் ஆட்கள் வீடு வீடாகப் போய்ப் பெயர் கேட்டார்கள். வட நாட்டில் பல இடங்களில் பெண்கள் தங்கள் பெயரைச் சொல்ல மறுத்துவிட்டார்கள். "இன்னாருடைய மனைவி", "இன்னாருடைய தாயார்" என்று எழுதிக் கொள்ளுங்கள் என்றார்கள். அந்நிய ஆடவனிடம் பெயரைச் சொல்லுவதாவது!

சுகுமார் சென் பிடிவாதமாக இருந்தார். பெயர் இல்லாமல் ஓட்டு இல்லை என்றார். முடிவில் சுமார் 28 லட்சம் பெண்களின் பதிவுகள் ஜாபிதாவிலிருந்து நீக்கப்பட்டன. கொடுமை என்று தோன்றுகிறதல்லவா? அடுத்த தேர்தலுக்குள் பெண்கள் வாய் திறந்து தங்கள் பெயரைச் சொல்லப் பழகினார்கள் என்பதும் உண்மை. இந்த நாட்டில் லட்சக்கணக்கான பெண்கள் முதன்முதலாகத் தங்கள் சொந்தப் பெயரைச் சர்க்கார் காகிதத்தில் எழுத வைத்தது தேர்தல் சட்டம்தான்.

அதே 1952 தேர்தலில் நம் திண்டுக்கல் என்ன செய்தது தெரியுமா? அம்மு சுவாமிநாதன் என்ற பெண்மணியைப் பார்லிமெண்டுக்கு அனுப்பியது! அரசியல் நிர்ணய சபையில் உட்கார்ந்து நம் அரசியல் சட்டத்தை வகுத்த பெண்களில் அவர் ஒருவர். நேதாஜியின் படையில் புகழ் பெற்ற காப்டன் லட்சுமியின் தாயார். பத்து ஆண்டு கழித்து 1962-ல் திண்டுக்கல் மறுபடியும் ஒரு பெண்ணையே அனுப்பியது. அவர்தான் சின்னாளபட்டிக்கு அருகே காந்திகிராமத்தைத் தோற்றுவித்த டாக்டர் சௌந்தரம் ராமச்சந்திரன். மத்திய சர்க்காரில் கல்வித் துறைத் துணை மந்திரியாகவும் இருந்தார். பெண்களுக்கு இட ஒதுக்கீடு என்ற பேச்சே இல்லாத காலத்தில் ஓர் ஊர் இப்படி இருமுறை செய்தது என்றால், அந்த ஊருக்கு ஒரு சபாஷ் போடலாம்.

பிறந்த வீடா, புகுந்த வீடா?

"அதெல்லாம் பழங்கதை. இப்போது யார் பெயர் சொல்ல வெட்கப்படுகிறார்கள்?" என்று கேட்கிறீர்களா? வெட்கம் போய்விட்டது, சரி. ஆனால் பெயர் தொலைந்து போவது நிற்கவில்லை.

ஆண் பிள்ளை பெரும்பாலும் பிறந்த ஊரிலேயே ஓட்டை வைத்துக் கொள்கிறான். பெண்ணுக்கு அப்படியா? பழனியில் பிறந்து, திண்டுக்கல்லில் வாழ்க்கைப்பட்டு, கணவருக்கு மாற்றலாகிக் கோயமுத்தூர் போய், பிள்ளை வீட்டில் சென்னையில் இருக்கிறாள் ஒரு தாயார். அவள் பெயர் எந்த ஊர் ஜாபிதாவில் இருக்கும்? நான்கிலும் இருக்கலாம், ஒன்றிலும் இல்லாமலும் போகலாம்!

2025 நவம்பர் 4-ஆம் தேதி தமிழ்நாட்டில் சிறப்புத் தீவிர திருத்தம் தொடங்கியபோது இது நன்றாக வெளிப்பட்டது. இருபது ஆண்டுக்கு முந்திய ஜாபிதாவில் நீங்கள் எங்கே, உங்கள் பெற்றோர் எங்கே என்று படிவம் கேட்டது. ஆண்கள் தெருவைச் சொன்னார்கள். பெண்கள் பலர் தாய் வீட்டு ஊரின் பழைய பட்டியலைத் தேட வேண்டியதாயிற்று. டிசம்பர் 19-ல் வெளியான வரைவுப் பட்டியலில் முன்பு இருந்ததைவிட 97 லட்சம் பெயர்கள் குறைந்திருந்தன. இறந்தவர்கள், குடிபெயர்ந்தவர்கள், இரண்டு இடத்தில் பதிவானவர்கள் என்று காரணங்கள் சொல்லப்பட்டன. விட்டுப்போன பெயர்களைச் சேர்க்கவும் ஆட்சேபணை சொல்லவும் அவகாசம் தரப்பட்டது. அந்தத் திருத்தம் சரியா, தவறா என்று கட்சிகள் வாதாடின; கோர்ட்டிலும் வழக்காடினார்கள். நமக்கு வேண்டிய பாடம் சின்னது: பெயர் இருக்கிறதா என்று பார்ப்பது தேர்தலன்று காலையில் செய்யும் வேலையல்ல.

புதிதாகப் பெயர் சேர்க்கப் படிவம் 6. வீடு மாறினாலும், பெயரில் எழுத்துப் பிழை இருந்தாலும் படிவம் 8. ஒருவர் பெயரை நீக்கப் படிவம் 7. இந்த மூன்று எண்களைப் பால் கணக்கு எழுதும் காலண்டரின் ஓரத்தில் குறித்து வைத்துக் கொள்ளுங்கள்.

பெண்ணோ பிள்ளையோ பதினெட்டு வயதைத் தொடும் வீடுகளுக்கு இன்னொரு செய்தி. ஓட்டுரிமை வயது 21-லிருந்து 18-ஆகக் குறைந்தது 1989-ல். ஆனாலும் ஜனவரி முதல் தேதியன்று 18 நிரம்பியிருக்க வேண்டும் என்று ஒரு விதி இருந்தது. ஜனவரி 2-ல் பிறந்த பாவத்துக்கு ஒரு வருஷம் காத்திருக்க வேண்டும்! 2021-ல் செய்த சட்டத் திருத்தத்தால் இது மாறியது. இப்போது ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர் மாதங்களின் முதல் தேதி என்று ஆண்டுக்கு நான்கு கதவுகள் திறந்திருக்கின்றன.

அதே திருத்தத்தில் ஒரு சின்னச் சொல் மாற்றமும் உண்டு. ராணுவ வீரர் தம் படைப்பிரிவின் வழியாக ஓட்டரானால், கூட இருக்கும் "மனைவி"யும் அப்படியே ஓட்டராகலாம் என்று பழைய சட்டம் சொன்னது. பெண் அதிகாரியின் கணவருக்கு அந்தச் சலுகை கிடையாது. சட்டம் எழுதியவர்களுக்கு ஒரு பெண் ராணுவத்தில் சேருவாள் என்று தோன்றவேயில்லை போலும்! 2021-ல் "மனைவி" என்ற சொல்லை எடுத்துவிட்டு "வாழ்க்கைத் துணை" என்று போட்டார்கள். எழுபது வருஷம் கழித்தாவது தோன்றியதே!

ஒரு இலையா, இரண்டு இலையா?

இரண்டாவது பூட்டு, சின்னம்.

முதல் பொதுத் தேர்தலில் ஒவ்வோர் அபேட்சகருக்கும் ஒரு தனிப் பெட்டி. பெட்டியின் மேல் அவருடைய சின்னம். உங்களுக்குப் பிடித்த பெட்டியில் சீட்டைப் போட்டுவிட்டு வந்துவிடலாம். எழுத வேண்டாம், முத்திரை குத்த வேண்டாம். சுலபம்தான். ஆனால் சீட்டைப் பெட்டியில் போடாமல் இடுப்பில் செருகிக் கொண்டு வெளியே வந்து விற்கலாம் என்று கண்டுபிடித்த புத்திசாலிகளும் உண்டு! 1962 பொதுத் தேர்தலில் எல்லாச் சின்னங்களையும் ஒரே சீட்டில் அச்சிட்டு முத்திரை குத்தும் முறை வந்தது. மைசூர்த் தொழிற்சாலையில் செய்த அழியாத மையும் அந்தத் தேர்தலில்தான் நம் விரலில் ஏறியது.

சின்னங்களை யாருக்குக் கொடுப்பது என்பதற்கு 1968-ல் ஓர் உத்தரவு பிறந்தது. அங்கீகாரம் பெற்ற கட்சிக்குச் சொந்தச் சின்னம். மற்றவர்களுக்குப் பொதுப் பட்டியலிலிருந்து ஒன்று. இந்த விதி எத்தனை பெரிய விளைவை உண்டாக்க வல்லது என்பதை ஐந்து ஆண்டில் திண்டுக்கல் காட்டிவிட்டது.

1972 அக்டோபரில் எம்.ஜி.ஆர். புதுக் கட்சி தொடங்கினார். 1973 மே 20-ல் திண்டுக்கல் பார்லிமெண்டுத் தொகுதியில் இடைத் தேர்தல். புதுக் கட்சிக்கு அங்கீகாரம் ஏது? அபேட்சகர் மாயத்தேவர் பொதுப் பட்டியலைப் பார்த்து 'இரட்டை இலை'யைத் தேர்ந்தெடுத்தார். பட்டியலில் சும்மா கிடந்த ஒரு படம்! சுவரில் வரையச் சுலபம். எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கும் புரியும். மாயத்தேவர் அமோகமாக ஜெயித்தார். ஆளுங்கட்சியான தி.மு.க. மூன்றாவது இடத்துக்குப் போயிற்று. அந்த இலைகள் அதன் பிறகு கோட்டை வரை போனது ஊரறிந்த சங்கதி.

அந்தக் கட்சி பிளந்தபோது 1989 சட்டசபைத் தேர்தலில் இரட்டை இலை முடக்கப்பட்டது. ஒரு பிரிவு சேவலில் நின்றது. மற்றது இரட்டைப் புறாவில். மறுபடியும் 2017 மார்ச்சில் முடக்கப்பட்டு, நவம்பரில் திரும்பி வந்தது. குடும்பச் சொத்துக்குப் பாகப் பிரிவினை வழக்கு நடப்பதுபோல், சின்னத்துக்கும் வழக்கு! பாட்டனார் வீட்டை இரண்டாக இடித்துக் கட்டலாம். இரட்டை இலையை ஆளுக்கு ஒன்றாகப் பிய்த்துக் கொள்ள முடியாதே!

ஓட்டுச் சீட்டு புத்தகமான கதை

சட்டம் கடுமையானதற்குக் காரணமான இன்னொரு தமிழ்நாட்டுக் கதையும் இருக்கிறது. 1996 சட்டசபைத் தேர்தலில் ஈரோட்டுப் பக்கம் மொடக்குறிச்சித் தொகுதியில் 1,033 பேர் அபேட்சகர்களாக நின்றார்கள். பெரும்பாலோர் விவசாயிகள், தங்கள் குறைகளை நாடு கவனிக்க வேண்டும் என்று இப்படி ஒரு வழி கண்டார்கள். ஓட்டுச் சீட்டு ஒரு புத்தகமாகிவிட்டது!

சட்டசபைத் தேர்தலுக்கு அப்போது டெபாசிட் 250 ரூபாய்தான். அந்த ஆண்டே சட்டத்தைத் திருத்தி 5,000 ஆக்கினார்கள். பிற்பாடு 10,000 ஆயிற்று. பார்லிமெண்டுக்கு 500-லிருந்து 10,000, பிறகு 25,000. அங்கீகாரம் இல்லாதவர்களுக்குப் பத்து பேர் முன்மொழிய வேண்டும் என்றும் சேர்த்தார்கள். விளையாட்டுக்கு நிற்பவர்கள் குறைந்தார்கள். கையில் காசில்லாத நல்லவர்களும் கொஞ்சம் யோசிக்கத்தான் செய்கிறார்கள். கனமான பூட்டு வீட்டுக்காரனுக்கும் கொஞ்சம் கஷ்டம் தருமல்லவா?

அதே 1996 திருத்தத்தில் நமக்கு ஒரு வரப் பிரசாதமும் உண்டு. தேர்தலன்று சம்பளத்தோடு விடுமுறை! வேடசந்தூர்ப் பக்கத்து நூல் மில்லுகளில் வேலை செய்யும் பெண்களுக்கும், தினக் கூலிக்குப் போகிறவர்களுக்கும் இது பொருந்தும். நம் வீட்டில் பாத்திரம் தேய்க்க வருகிற அம்மாளை மறந்துவிடாதீர்கள். அன்று காலையில், "நீ முதலில் போய் ஓட்டுப் போட்டுவிட்டு வா; பாத்திரம் எங்கும் ஓடிப் போகாது" என்று சொல்வதற்குச் சட்டம் படித்திருக்க வேண்டுமா என்ன?

காதுக்கும் சுவருக்கும் காவல்

பிரசாரத்துக்கு வருவோம். முன்பெல்லாம் தேர்தல் வந்தால் பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளைகளுக்குத் தலைவலி. கைக்குழந்தைக்காரிகளுக்குத் தூக்கம் கெட்டது. இப்போது இரவு 10 மணிக்கு மேல் காலை 6 மணி வரை ஒலிபெருக்கி கூடாது. ஓட்டுப் பதிவு முடிகிற நேரத்துக்கு முந்திய 48 மணி நேரம் பிரசாரமே ஓய்ந்துவிட வேண்டும். அந்த இரண்டு நாளும் மதுக் கடைக்கும் பூட்டு. தேர்தல் எப்போதும் இருந்தால் தேவலை என்று எத்தனை இல்லத்தரசிகள் நினைத்திருப்பார்களோ!

கண்ட சுவரில் எழுதி ஊரை அலங்கோலப்படுத்துவதைத் தடுக்க 1959-லேயே நம் ராஜ்யத்தில் ஒரு சட்டம் வந்துவிட்டது. உங்கள் வீட்டுச் சுவரில் உங்களைக் கேட்காமல் யாரும் எழுதவோ ஒட்டவோ உரிமை கிடையாது. வாசலில் விழுகிற நோட்டீசின் அடியில் பொடி எழுத்தில் பாருங்கள். அச்சிட்டவர், வெளியிட்டவர் பெயரும் விலாசமும் இருக்க வேண்டும். 1961-ல் சேர்த்த விதி அது. பெயரில்லாத நோட்டீசு ஒருவரைப் பற்றி எத்தனை அசிங்கமாக எழுதியிருந்தாலும், அதன் யோக்கியதை அவ்வளவுதான் என்று அடுப்பில் போட்டுவிடலாம்.

கட்சிகளும் அபேட்சகர்களும் எப்படி நடந்து கொள்ள வேண்டும் என்ற நடத்தை விதிகள் 1960-ல் கேரளத் தேர்தலில் முதன்முதலாக உருவெடுத்தன. அவை பார்லிமெண்டு இயற்றிய சட்டமல்ல. ஆனாலும் தேர்தல் தேதி அறிவித்த கணத்திலிருந்து மந்திரிகள் கூடப் புதுத் திட்டம் அறிவிக்க முடியாமல் கையைக் கட்டிப் போடுகின்றன.

செலவுக்கும் வரம்பு உண்டு. நம்மைப் போன்ற பெரிய ராஜ்யங்களில் பார்லிமெண்டு அபேட்சகருக்கு 95 லட்சம் ரூபாய், சட்டசபைக்கு 40 லட்சம் என்று 2022 ஜனவரியில் உயர்த்தினார்கள். இதில் ஒரு வேடிக்கை. அபேட்சகருக்குத்தான் வரம்பு; கட்சியின் செலவுக்கு வரம்பே இல்லை! முன் கதவுக்கு மாங்காய்ப் பூட்டு. கொல்லைக் கதவு தாழ்ப்பாள்கூட இல்லாமல் திறந்து கிடக்கிறது. சட்டத்தில் இன்னும் செய்ய வேண்டிய பூட்டு இருக்கிறது என்பதற்கு இது ஓர் உதாரணம்.

கவர் வருகிறது!

இனி, நம் எல்லோருக்கும் தெரிந்தும் சத்தம் போட்டுப் பேசத் தயங்குகிற விஷயத்துக்கு வருவோம். 'பட்டுவாடா' என்பார்கள். சாயங்கால வேளையில் வாசலில் ஒருவர் வருகிறார். "வீட்டில் எத்தனை ஓட்டு அம்மா?" என்கிறார். ஆண்கள் வீட்டிலில்லாத நேரமாகப் பார்த்துத்தான் பெரும்பாலும் வருகை. கையில் கவர்.

ஓட்டுக்கு லஞ்சம் குற்றம் என்பது வெள்ளைக்காரன் காலத்திலேயே, 1920-ல், இந்தியத் தண்டனைச் சட்டத்தில் சேர்ந்துவிட்டது. 2024 ஜூலை முதல் தேதி அமலுக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதையிலும் அது 170-ஆவது பிரிவாக இருக்கிறது. கொடுப்பவருக்கு மட்டுமல்ல, வாங்குபவருக்கும் அது குற்றம்; ஓராண்டு வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும்.

தமிழ்நாட்டுக்கு இதில் ஒரு கெட்ட பெயர் உண்டு. 2016-ல் அரவக்குறிச்சி, தஞ்சாவூர். 2017 ஏப்ரலில் ஆர்.கே.நகர், 2019-ல் வேலூர் பார்லிமெண்டுத் தொகுதி. இத்தனை இடத்திலும் பண விநியோகத்தின் காரணமாகத் தேர்தலையே ரத்து செய்து பின்னர் நடத்தினார்கள். பந்தியில் இலை போட்ட பிறகு எழுப்பி விட்டால் எப்படி இருக்கும்? அந்த ஊர்களின் யோக்கியமான ஓட்டர்களுக்கு அப்படித்தான் இருந்திருக்கும்.

"நாங்கள் கேட்கவில்லையே, அவர்களாகக் கொடுத்தார்கள்" என்று ஒரு சமாதானம். "இரண்டு கட்சிக்காரரிடமும் வாங்கிக் கொண்டோம், கணக்குச் சரியாகப் போயிற்று" என்று மற்றொரு சமாதானம். இவற்றைவிட ஒரு பெரிய சங்கடத்தை நான் சொல்கிறேன். கவரோடு சில சமயம் சத்தியமும் வருகிறது. சூடத்தின் மேல் அடித்துச் சொல். பிள்ளை தலைமேல் கை வை. குலதெய்வத்தின் பேரைச் சொல் என்று கேட்கிறார்கள். பணத்தை மறந்துவிடலாம். பிள்ளை தலைமேல் செய்த சத்தியத்தை ஒரு தாயார் மறப்பாளா? ஓட்டுச் சாவடிக்குள் பட்டனை அழுத்தும்போதும் அவள் கை நடுங்கத்தானே செய்யும்?

இந்தப் பயத்தை நம் சட்டம் அறிந்திருக்கிறது என்று சொன்னால் நம்புவீர்களா? 1951-ஆம் ஆண்டின் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 123-ஆவது பிரிவில், ஓட்டருக்குத் தெய்வ கோபம் வரும் என்று நம்ப வைத்து ஓட்டை மாற்றுவதும் முறைகேடு என்று எழுதியிருக்கிறார்கள். வெறும் மிரட்டலை எப்படிச் சொன்னார்களோ, அதே வரிசையில் இதையும் சொல்லியிருக்கிறார்கள். அந்த முறைகேட்டை அபேட்சகர் செய்தார் என்று கோர்ட்டில் நிரூபித்தால், ஜெயித்த தேர்தலே செல்லாமல் போகும். ஆகவே சத்தியம் வாங்குகிறவர்தான் தப்புச் செய்கிறார். மிரட்டிப் பிடுங்கிய சத்தியத்துக்குச் சாட்சியாக நிற்க எந்தக் குலதெய்வம் ஒப்பும்?

"யாருக்குப் போட்டேன் என்று கண்டுபிடித்து விடுவார்களாமே?" என்றும் ஒரு பயம் பரப்புகிறார்கள். ஒரு சாவடியில் மொத்தம் எந்தக் கட்சிக்கு எத்தனை ஓட்டு என்பது எண்ணிக்கையில் தெரியும், நிஜம்தான். எந்த அம்மாள் எந்தப் பட்டனை அழுத்தினாள் என்பது ஒருவருக்கும் தெரியாது. மிஷினுக்குப் பக்கத்துக் கண்ணாடிப் பெட்டியில் ஏழு விநாடி தெரிகிற துண்டுச் சீட்டும் உங்கள் கண்ணுக்கு மட்டும் தெரிந்துவிட்டு உள்ளே விழுந்துவிடும். ரகசியம் உங்களுடையது. மாமியாருக்கும் சொல்ல வேண்டாம். மன்னிக்கவும், கணவருக்கும் சொல்ல வேண்டாம்! ஒருவரையும் பிடிக்கவில்லை என்றால் அதைச் சொல்லவும் 2013 முதல் 'நோட்டா' என்ற பட்டன் உண்டு.

உங்கள் ஓட்டை வேறு யாரோ போட்டுவிட்டுப் போயிருந்தால் அழுது கொண்டு திரும்பி வராதீர்கள். அங்கே இருக்கிற அதிகாரியிடம் நீங்கள்தான் அந்த ஆள் என்று நிரூபித்தால், தனிச் சீட்டில் ஓட்டுப் போட விதி இருக்கிறது. பட்டுவாடாவைப் பற்றிப் புகார் சொல்ல 1950 என்ற தொலைபேசி எண்ணும், 2018-ல் வந்த 'சி-விஜில்' என்ற கைபேசிச் செயலியும் இருக்கின்றன.

கல்யாணப் பணமும் பறக்கும் படையும்

பட்டுவாடாவைப் பிடிக்கப் போட்ட வலையில் சில சமயம் அப்பாவி மீன்களும் விழுகின்றன. ஒட்டன்சத்திரம் காய்கறி மார்க்கெட்டும் நிலக்கோட்டைப் பூச்சந்தையும் ரொக்கத்தில் நடக்கிற வியாபாரம். தேர்தல் காலத்தில் 50,000 ரூபாய்க்கு மேல் கையில் கொண்டு போனால் பறக்கும் படை நிறுத்திக் கணக்குக் கேட்கிறது. மகள் கல்யாணத்துக்குச் சின்னாளபட்டியில் சேலை எடுக்கப் போகிறீர்கள் என்று வைத்துக் கொள்ளுங்கள். வங்கிச் சீட்டு, கல்யாணப் பத்திரிகை, கடை ரசீது ஆகியவற்றைக் கைப்பையில் வைத்திருங்கள். ஒருவேளை பணத்தைப் பிடித்துவிட்டாலும் மனம் உடைய வேண்டாம். முறையீட்டைக் கேட்டுப் பணத்தைத் திருப்பிக் கொடுக்க மாவட்டத்துக்கு ஒரு குழு உண்டு. பணத்தைப் பிடித்த சீட்டிலேயே எப்படி முறையிடுவது என்று எழுதியிருக்க வேண்டும்.

"அப்படியானால் மிக்ஸி, கிரைண்டர் தருகிறேன் என்று மேடையில் சொல்கிறார்களே, அது லஞ்சமில்லையா?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி, இதே கேள்வி சுப்ரீம் கோர்ட்டு வரை போயிற்று. 2006-ல் வாக்களித்த வண்ணத் தொலைக்காட்சியையும், 2011-ல் வாக்களித்த மிக்ஸி, கிரைண்டர், மின்விசிறியையும் குறித்து வழக்கு. 2013 ஜூலை 5-ல் தீர்ப்பு வந்தது. தேர்தல் அறிக்கையில் எல்லோருக்கும் பொதுவாகச் சொல்கிற வாக்குறுதி இப்போதுள்ள சட்டப்படி முறைகேடு ஆகாது. ஆனாலும் அது தேர்தலின் நேர்மையை அசைக்கிறது. ஆகவே வரைமுறை வகுக்க வேண்டும் என்றது கோர்ட்டு. பணம் எங்கிருந்து வரும் என்பதையும் அறிக்கையில் சொல்ல வேண்டும் என்று 2014-ல் தேர்தல் கமிஷன் சேர்த்தது. மாதச் சம்பளத்தில் குடும்பம் நடத்துகிற நமக்கு இதைவிடப் புரியக்கூடிய விதி எது? "வாங்கலாம், சரி, காசு எங்கே?" என்பது நாம் தினமும் கேட்கிற கேள்விதானே!

மேயரை யார் தேர்ந்தெடுப்பது?

கடைசியாக, குழாய்த் தண்ணீரும் குப்பைத் தொட்டியும் சாக்கடையும் சம்பந்தப்பட்ட தேர்தல். 1866-ல் முனிசிபாலிடியான திண்டுக்கல், 2014-ல் மாநகராட்சி ஆயிற்று. ஸ்தல ஸ்தாபனத் தேர்தலை நடத்துவது டில்லியிலுள்ள கமிஷன் அல்ல. அதற்கென்று நம் ராஜ்யத்தில் தனிக் கமிஷன் இருக்கிறது. சட்டமும் நம் சட்டசபை இயற்றுவதுதான்.

இங்கேதான் விளையாட்டைப் பாருங்கள். 2006-ல் மேயரைக் கவுன்சிலர்கள் தேர்ந்தெடுத்தார்கள். 2011-ல் ஜனங்களே நேராகத் தேர்ந்தெடுத்தார்கள். 2016-ல் மறுபடி கவுன்சிலர்கள் என்று சட்டம். 2018-ல் மறுபடி ஜனங்கள். 2019 நவம்பரில் அவசரச் சட்டம் மூலம் மறுபடி கவுன்சிலர்கள்! ஆட்சிகள் மாறினாலும் இந்த ஊஞ்சல் மட்டும் நிற்கவில்லை. முடிவாக, 2022 பிப்ரவரி 19-ல் திண்டுக்கல்லின் 48 வார்டுகளுக்கும் ஓட்டுப் பதிவு நடந்து, மார்ச் 4-ல் கவுன்சிலர்கள் இளமதி என்ற பெண்மணியை மேயராகத் தேர்ந்தெடுத்தார்கள்.

நேராகத் தேர்ந்தெடுத்தால் மேயருக்கு ஜனங்களின் பலம் இருக்கும். கவுன்சிலர்களோடு ஒத்துப் போகாமல் சண்டையும் வரும். கவுன்சிலர்கள் தேர்ந்தெடுத்தால் சண்டை குறையும். பேரமும் குதிரை வியாபாரமும் கூடலாம். எது நல்லது என்று நீங்களே யோசித்துக் கொள்ளுங்கள். ஆனால் ஒன்று: உங்கள் கையிலிருந்த ஓர் ஓட்டு மூன்று முறை வந்து போயிற்று. அடுப்படியில் நாம் வைத்த டப்பா இடம் மாறினால் அன்றே கேட்கிறோம். இதை யாராவது கேட்டோமா?

கிராமத்து உறவினர்கள் வீட்டில் இந்தத் தேர்தல் இன்னும் அழகு. 2019 டிசம்பரில் திண்டுக்கல் சீமையின் பஞ்சாயத்துகளில் மிஷின் இல்லை. வண்ண வண்ணச் சீட்டுகள். தலைவருக்கு இளஞ்சிவப்பு, ஒன்றியத்துக்குப் பச்சை, ஜில்லாவுக்கு மஞ்சள். அவர்களுடைய பதவிக் காலம் 2025 ஜனவரியில் முடிந்தது. தனி அதிகாரிகள் வந்து உட்கார்ந்தார்கள்.

இந்த ஸ்தாபனங்களில் பாதி இடம் பெண்களுக்கு என்று 2016-ல் நம் சட்டசபை சட்டம் செய்தது. 2022-ல் 21 மாநகராட்சிகளில் 11 மேயர் நாற்காலிகள் பெண்களுக்கு ஒதுக்கப்பட்டன. திண்டுக்கல் அவற்றில் ஒன்று. பார்லிமெண்டிலும் சட்டசபைகளிலும் மூன்றில் ஒரு பங்கு என்று 2023-ல் அரசியல் சட்டமே திருத்தப்பட்டது. ஆனால் ஜனத்தொகைக் கணக்கெடுப்பும் தொகுதி வரையறையும் முடிந்த பிறகு என்ற நிபந்தனையோடுதான் எழுதினார்கள். பந்திக்கு அழைத்துவிட்டு, "சாதம் வெந்ததும் சொல்கிறோம்" என்ற கதை!

நாற்காலி கிடைத்தால் போதுமா? பல ஊர்களில் தலைவி என்று பலகையில் ஒரு பெண் பெயர் இருக்கும்; கூட்டத்தில் பேசுகிறவர் அவள் கணவர். 1951-ல் "இன்னாருடைய மனைவி" என்று ஜாபிதாவில் எழுதச் சொன்ன பெண்கள் நினைவுக்கு வருகிறார்களா? பெயரைச் சொல்ல வைத்தது சட்டம். பேச வைக்க வேண்டியவர்கள் நாம்தான். அடுத்த முறை உங்கள் வார்டுக் கவுன்சிலர் ஒரு பெண்ணானால், தண்ணீர் வரவில்லை என்று சொல்ல அவருடைய கணவரைத் தேடாதீர்கள். அந்த அம்மாளையே கூப்பிடுங்கள். நான்கு பேர் அப்படிக் கூப்பிட்டால் ஐந்தாவது தடவை அவரே எழுந்து பேசுவார்.

2021 சட்டசபைத் தேர்தலின்போது தமிழ்நாட்டு ஜாபிதாவில் ஆண்களைவிடப் பெண்களே அதிகம். ஆகையால், சட்டம் இத்தனை பூட்டுகளைச் செய்து கொடுத்திருப்பதில் பெரும்பாலானவற்றின் சாவி நம் முந்தானையில்தான் இருக்கிறது. வாசலில் கவரோடு வருகிறவருக்கு அது நன்றாகத் தெரியும். அதனால்தான் அவர் நம்மைத் தேடி வருகிறார். "வீட்டில் எத்தனை ஓட்டு அம்மா?" என்று அவர் கேட்டால், "ஓட்டு இருக்கிறது ஐயா, விலைக்கில்லை" என்று சொல்லிவிட்டு, காப்பி ஆறிவிடுவதற்குள் உள்ளே வந்துவிடுங்கள்.